பரம்பரை மூக்கு

போட்டோ ஸ்டூடியோக்காரருக்குத் தம் மூக்கின்மேல் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமன்று. நடுவில் மேடிட்டு, நுனியில் ஒருபக்கம் சாய்ந்த மூக்கு அது. ஸ்டூடியோச் சுவரில் தொங்கும் அப்பாவின் படத்திலும் அதே மேடு, அதே சாய்வு. படமெடுக்க வருவோரிடமெல்லாம் அதை வம்சத்து முத்திரை என்று காட்டி மகிழ்வார்.

அந்த முத்திரை இரவில் போட்ட கூச்சல்தான் மனைவிக்குப் பொறுக்கவில்லை. வாயைப் பிளந்து அவர் விட்ட குறட்டையில் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. ஒருநாள் அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மூக்கைச் சரிசெய்யும்வரை அறைக்குத் திரும்பமாட்டேன் என்று சொல்லியும்விட்டாள்.

பெருமையா, துணையா? வீம்பு பிடித்துப் பார்த்தவர், தனிமை தாளாமல் மூக்கு மருத்துவர் முன்னே போய் உட்கார்ந்தார். மனைவியும் அம்மாவும் உடன் வந்தார்கள்.

டாக்டரம்மா குளிர்ந்த எஃகுத் தட்டொன்றை அவர் மூக்கின் கீழே பிடித்து, வாயை மூடி மூச்சு விடச் சொன்னார். தட்டின் ஒருபுறம் நிலவுபோல் ஆவி படிந்தது. மறுபுறம் ஒரு பொட்டு, அவ்வளவே. எத்தனையோ முகங்களுக்கு ஒளியமைத்தவர், மூக்குக்குள் ஒரு சுவர் நிற்பதை அன்றுதான் அறிந்தார். இரு துளைகளுக்கும் நடுவிலுள்ள அந்தக் குருத்தெலும்புச் சுவர் வளைந்து வழியை அடைத்திருந்தது.

வம்சத்து அடையாளம் போய்விடுமே என்று அவர் முனகினார். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்: வளைந்த பகுதியை மட்டுமே எடுப்பார்கள், முன்விளிம்பிலும் மேல்விளிம்பிலும் ஒரு பட்டையை விட்டுவைப்பார்கள். கூரையைத் தாங்கும் தூண் அது. அதையும் எடுத்தால் மூக்கே உட்கார்ந்துவிடும். பக்கத்துச் சதை மடிப்புகளையும் குப்பையென வாரிக்கொட்டக் கூடாது. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குபவை அவை.

சின்ன வயதில் அடிபட்டதுண்டா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை, பிறவியிலேயே இப்படித்தான் என்றார் ஸ்டூடியோக்காரர்.

அம்மா தொண்டையைச் செருமினாள். "பிறவியாவது மண்ணாவது. நடக்கப் பழகும்போது ஓடிப்போய்க் கதவுல முட்டிக்கிட்ட. ரத்தத்தப் பாத்து நான் மயங்கியே விழுந்துட்டேன்."

"அப்ப அப்பா மூக்கு?"

"அவரு லாரி ஓட்டுனவருதான. அப்பல்லாம் லாரிய முன்னாடி ஹேண்டில் போட்டுச் சுத்தித்தான் கிளப்பணும். அது திரும்பி மூக்குல அடிச்சுது. கல்யாணத்தப்ப உங்கப்பா மூக்கு நேராத்தான்டா இருந்துச்சு."

"இத்தன வருஷமா ஏம்மா சொல்லல?"

"ஊரெல்லாம் பெருமையடிச்சுட்டுத் திரிஞ்ச. பாவம், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு கதவும் ஒரு ஹேண்டிலும் சேர்ந்து எழுப்பிய வம்சம்! அடிபட்ட தழும்பை அரச முத்திரையென்று சுமந்து, மூச்சு முட்டிக் கிடக்கும் பரம்பரைகள் இவ்வுலகில் இன்னும் எத்தனையோ. ஸ்டூடியோக்காரர் அந்த இடத்திலேயே சம்மதித்தார்.

அறுவை சிகிச்சை முடிந்து, மூக்கினுள் தாங்கலுக்கு வைத்திருந்த தகடுகளை எடுத்த அன்று, நேரே வீட்டின் முன்னறையிலிருந்த ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். கேமரா லென்ஸைத் துடைக்க வழக்கமாக வாயால் ஊதுபவர், அன்று வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டார். குளிர்ந்த கண்ணாடியில் இரண்டு நிலவுகள், ஒரே அளவில்.

"இங்க வந்து பாரேன்," என்று மனைவியை அழைத்தார்.

அவள் லென்ஸைப் பார்த்தாள்; அவர் முகத்தையும் பார்த்தாள். "வெளிய அதே கோணல்தான்."

"இருக்கட்டும். கதவு குடுத்தது."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அன்று மாலையே தலையணை கூடத்திலிருந்து அறைக்குத் திரும்பியது.