ஒட்டகச்சிவிங்கி மார்க் ஒரிஜினல்

சிவகாசிப் பெருமக்கள் அனைவரும் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிமிடம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது: ஜமால்தீன் ஆப்செட் அதிபரும், அச்சக உரிமையாளர் நலச் சங்கத்தின் துணைச் செயலாளரும், இன்னும் விசிட்டிங் கார்டில் இடம் போதாமல் பின்பக்கம் அச்சிடப்பட்ட பல பொறுப்புகளை வகிப்பவருமான அப்துல் ஹக்கீமின் ஒட்டகச்சிவிங்கி, உலக ஏலத்தில் முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு விலைபோய்விட்டது.

எழுந்தவர்கள் உட்காரலாம். உயிருள்ள ஒட்டகச்சிவிங்கி இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய பட்டாசு லேபிள். ஹக்கீமின் அத்தா ஜமால்தீன் காலத்தில், எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனிக்காக அடித்த 'ஒட்டகச்சிவிங்கி மார்க் சரவெடி.' வரைந்த புண்ணியவான் ஒட்டகச்சிவிங்கியைக் கண்ணால் பார்த்தவரில்லை; பசுமாட்டின் முகத்தைத் தென்னைமரத்தின் உச்சியில் வைத்து, யாரோ சொன்னார்கள் என்று உடம்பெல்லாம் புள்ளி குத்தியிருந்தார். போதாததற்கு நீலக் கலர் ஒரு நூல் அளவு விலகி விழுந்து, மிருகம் தன் தோலைவிட்டு நகர்ந்து நிற்பதுபோல இருந்தது. ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. பரணை ஒழிக்கும்போது இதைக் கண்டெடுத்தவள் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அனுப்பிரியா. "மொதலாளி, இதையெல்லாம் ஆன்லைன் ஏலத்துல வாங்குறாக" என்று அவள் சொன்னபோது, "குப்பையையா? போட்டுப் பாரு தாயி" என்று ஹக்கீம் சிரித்தார். பெல்ஜியத்தில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் அந்தக் குப்பைக்காக மோதிக்கொண்டு விலை ஏற ஏற, சிரிப்பு மெல்ல மெல்லப் பெருமிதமாக மாறியது. கடைசியில் சென்னைக்காரர் ஜெயித்தார்.

அன்று முதல் ஹக்கீம் ஆன்லைன் வணிகத்தில் மேதையானார். அந்தத் தளத்தில் போட்டிருந்த 'பாதுகாப்பாக வாங்கவும் விற்கவும் வழிகள்' மொத்தத்தையும் ஆர்ட் கார்டில் நாலு கலரில் அடித்து, லேமினேட் செய்து, தலைக்குமேல் மாட்டினார். பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் எல்லாம் அதைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். "ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது. தளத்துக்கு வெளிய பணம் வாங்கக் கூடாது. பார்சல் நம்பரைப் பத்திரமா வெச்சுக்கணும்" என்று அவர் விரலை மடக்கி மடக்கிச் சொல்ல, காதுகுத்துப் பத்திரிகைக்காக ஆனைக்குட்டத்திலிருந்து வந்த பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கிட்ட போனே கெடையாது பாய்" என்றார். சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தவரைப் பார்ப்பதுபோல ஹக்கீம் அவரைப் பார்த்தார்.

லேபிளை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. மேசை வெளிச்சத்தில் அதை வைத்துப் பார்த்தவருக்குக் கூசிப்போனது. இதையா அனுப்புவது? முப்பத்தெட்டாயிரம் கொடுத்த மனிதருக்கு, பூச்சி தின்ற காகிதம், அதிலும் கலர் விலகிய காகிதம்? சிவகாசிக்காரனுக்குக் கலர் சேர்க்கத் தெரியாது என்று அந்த மனிதர் நாலு பேரிடம் சொல்ல மாட்டாரா?

"மொதலாளி, அவுக இந்தப் பழசைத்தான் கேட்டிருக்காக" என்றாள் அனுப்பிரியா.

"பழசைக் கேட்டா அழுக்கைக் கேட்டதா அர்த்தமா? விருந்தாளி பசிக்குதுன்னா பழையதையா ஊத்துவ? ஸ்கேன் பண்ணு. அந்த நீலத்தை எடத்துல வை. அப்படியே மூஞ்சியையும் கொஞ்சம் சரி பண்ணு, மாடு மாதிரி இருக்கு."

"விதியில, படத்துல உள்ள பொருளையே அனுப்பணும்னு போட்டிருக்கே."

"படத்துல என்ன இருக்கு? ஒட்டகச்சிவிங்கி. அனுப்பப் போறது என்ன? யானையா?"

அடித்தார்கள். நல்ல ஆர்ட் பேப்பரில், மேலே பளபளக்கும் கோட்டிங்குடன், முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் போல வந்தது. மிஷினில் பிளேட்டை ஏற்றிவிட்டு ஒன்றே ஒன்றை அடித்து இறக்குவது சிவகாசியில் எந்த மனிதனாலும் ஆகாத காரியம். ஆகவே ஐந்நூறு அடித்து, ஐந்நூறையும் காகிதப் பட்டை போட்டுக் கட்டி, 'ஒன்றுக்கு ஐந்நூறு, அன்பளிப்பு' என்று சீட்டு வைத்து அனுப்பினார். உலகத்திலேயே ஒன்றே ஒன்று என்று நம்பி வாங்கியவருக்கு ஐந்நூறு போய்ச் சேர்ந்தது.

பார்சல் சேர்ந்த மறுநாள், அவருடைய கணக்கின்மேல் சிவப்புப் பட்டை ஒன்று ஏறி உட்கார்ந்தது. 'இவர் போலிப் பொருள் விற்பவராகப் புகார் செய்யப்பட்டுள்ளது.' பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. என்ன ஏது என்று கேட்டு எழுதினால், 'உங்கள் அனுபவம் எங்களுக்கு மிக முக்கியம்' என்று ஒரு சிரிக்கும் மஞ்சள் மூஞ்சியோடு பதில் வந்தது. திரும்ப எழுதினால் அதே வாக்கியம், அதே மூஞ்சி. ஒருவனைத் திருடன் என்று எழுதி நெற்றியில் ஒட்டிவிட்டு, 'உங்கள் அனுபவம் எப்படி இருந்தது, நட்சத்திரம் போடுங்கள்' என்று கேட்கும் நாகரிகத்தை யார்தான் கண்டுபிடித்தார்களோ.

மற்ற ஊரில் போலி என்பது ஒரு வசவு. சிவகாசிப் பிரஸ்காரனுக்கு அது பிறப்பையே சந்தேகப்படுகிற மாதிரி. பேர்போன கம்பெனியின் லேபிளை அப்படியே அடித்துத் தரச் சொல்லித் தீபாவளி சீசனில் பை நிறையப் பணத்தோடு ஆட்கள் வருவார்கள். அப்படி வந்த ஒருவனை ஹக்கீம் பையோடு தெருவில் தள்ளியிருக்கிறார். அந்த வருடம் மிஷினுக்குத் தவணை கட்ட முடியாமல் மனைவி மெகருன்னிசாவின் வளையல் அடகுக்குப் போனது. அப்போதுகூட அவர் ஒரு டூப்ளிகேட் அடிக்கவில்லை. அவர் சொல்வதில் பாதி பீற்றல் என்று ஊருக்கே தெரியும். இது மட்டும் நிஜம்.

கூரியர் ரசீதில் சென்னைக்காரரின் எண் இருந்தது. பேர் சங்கரபாண்டியன், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று, லேபிள் சேகரிப்பவர். ஹக்கீம் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பேசினார், பிரஸ்ஸே கேட்கட்டும் என்று.

"யாரைய்யா போலிங்கிறீக?"

"சார், கோபப்படாதீங்க. நீங்க அனுப்பினது நகல்."

"அடிச்ச பிரஸ்ஸே நாந்தான்யா! எங்க அத்தா போட்ட பிரஸ். அதே ஊரு, அதே கட்டடம். நான் அடிச்சா அது எப்படிய்யா நகலாகும்?"

"எனக்கு வேண்டியது அந்தக் கலர் விலகின பீஸ். அந்தத் தப்பு இருக்கிறதாலதான் சார் அதுக்கு மதிப்பு. நீங்க அதைத் திருத்திட்டீங்க."

"தப்புக்கா முப்பத்தெட்டாயிரம்?"

"ஆமா சார்."

"அப்ப சரியா அடிச்சதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றார் சங்கரபாண்டியன், வருத்தமாகவே.

பிரஸ்ஸில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. ஹக்கீம் ஸ்பீக்கரை அணைத்தார்.

வீட்டில் மெகருன்னிசா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் பாதுகாப்பா விக்கிறது எப்படின்னு பாடம் எடுத்தீகளே, வாங்குனவருக்கு என்ன வேணும்னு கேட்டீகளா? அவருக்கு அழுக்குதான் வேணும்னா குடுத்துத் தொலைங்க. பேரு நம்மளுது."

"அது அத்தா கழிச்சுப்போட்ட தாளு புள்ள."

அவள் கையைக் கழுவிக்கொண்டு நின்று பார்த்தாள். கலர் விலகிய தாளை ஜமால்தீன் வெளியே விட்டதே கிடையாது. ஒன்று நழுவினாலும் மிஷின்காரரை நிறுத்திவைத்துக் கத்துவார். கெட்ட தாளை நாலாகக் கிழித்துவிட்டுத்தான் அடுத்த தாளைத் தொடுவார். எப்படியோ கிழிபடாமல் ஒன்று பரணுக்குத் தப்பியிருக்கிறது. அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கச் சரியாக அடித்ததெல்லாம் பட்டாசோடு வெடித்து, தெருவில் கூட்டி அள்ளப்பட்டுவிட்டது. வெட்கப்பட்ட ஒன்று மட்டும் மிஞ்சி, உலகம் அதற்கு விலை சொல்கிறது. அதை அனுப்பினால் மகன் யோக்கியன், அனுப்பாவிட்டால் போலி. இதில் எந்த நீதியைக் கண்டு மனிதன் சோற்றைப் பிசைவது?

அனுப்பிரியா அந்தப் பழைய லேபிளைப் பத்திரமாகவே வைத்திருந்தாள். பூச்சி அரித்த மூலையை ஹக்கீம் விரலால் ஒருமுறை நீவிவிட்டு அனுப்பினார். சிவப்புப் பட்டை மறைந்தது. பணம் வந்தது. ஐந்து நட்சத்திரமும், 'நம்பகமான விற்பனையாளர்' என்ற பச்சைப் பட்டையும் வந்தன. சங்கரபாண்டியனே போன் செய்து நன்றி சொல்லி, "அந்த ஐந்நூறைத் திருப்பி அனுப்பட்டுமா சார்?" என்று கேட்டார். "குடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க பரம்பரையில கெடையாது" என்று ஹக்கீம் வைத்துவிட்டார்.

காலண்டர் சீசன் சூடுபிடித்த ஒரு மத்தியானம், அனுப்பிரியா தயங்கித் தயங்கி வந்து போனை நீட்டினாள். அதே ஏலத் தளம். அதே ஒட்டகச்சிவிங்கி, திருத்திய முகத்தோடு. 'மறு அச்சு. சிவகாசி, ஜமால்தீன் ஆப்செட். ஐந்நூறும் சேர்த்து. ஆரம்ப விலை தொண்ணூற்றொன்பது ரூபாய்.'

"தொண்ணூத்தொம்பதா? பேப்பர் வெலைகூட வராதே தாயி! அந்தக் கோட்டிங்கைப் பாத்தானா அந்தச் சென்னை ஆளு? இதுல ஒரு நூல் விலகியிருக்குன்னு எவனாவது காட்டட்டும், மிஷினை இன்னைக்கே விக்கிறேன்!"

"வீட்டுல எடம் அடைக்குதுன்னு போட்டிருப்பாக மொதலாளி."

"எத்தனை பேரு கேட்டிருக்கான்?"

அவள் திரையில் இருந்த பூஜ்யத்தைக் காட்டினாள். ஹக்கீம் போனை வாங்கிக்கொண்டு கட்டிங் மிஷினுக்குப் பின்னால் போய் நின்றார். மிஷின் மேலும் கீழும் ஏறி இறங்கி அடுத்த வருடத்தைக் கட்டுக் கட்டாக வெட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கான விரலால் திரையில் தன் ஏலத் தொகையை ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். இருநூறு ரூபாய். சற்று யோசித்து, அத்தாவுக்காக இன்னொரு நூறு சேர்த்தார். திரையில் மிச்ச நேரம் குறைந்துகொண்டே போக, நெற்றி வியர்வையைத் துடைக்காமல், யாராவது மேலே கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

வேறு யாரும் கேட்கவில்லை.