மறைவு தேதிக்கு விட்ட இடம்

சமுத்திரம் என்கிற ஆளைக் கண்டாலே சுடலையம்மாளுக்கு ஆகாது. தன் சங்கத்துக்கு 'உலக மனசாட்சிப் பேரவை' என்று பெயர் வைத்திருக்கிறானே தவிர, தளவாய்புரத்தில் நாலு பேரைக் கூட்டத் துப்பில்லாத ஆள். அவன் பேச்சைக் கேட்டுத்தான் அவள் புருஷன் ராஜரத்தினம் ஸ்ரீவில்லிபுத்தூரில், தாலுகா ஆபீஸ் பக்கம் பந்தலில் பட்டினி கிடக்கிறான். காசாவில் போர் நிற்கும்வரை பச்சைத் தண்ணீர் மட்டுந்தானாம்.

ராஜரத்தினத்தை அவள் குறை சொல்லமாட்டாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறவன். வெள்ளைத் துணியில் பொதிந்த பிள்ளையை ஒரு தகப்பன் தூக்கிப்போவதைச் செல்போனில் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நிசமான துக்கம். அந்தத் துக்கத்துக்குப் பந்தல் போட்டு மைக் கட்டியவன்தான் சமுத்திரம்.

எங்கோ ஒரு துறவி தன்னையே எரித்துக்கொண்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது, ஓர் உயிர் போனால் ஆயிரம் உயிர் பிழைக்கும் என்று தினமும் முழங்குவான். முழங்கிவிட்டு, மதியம் புரோட்டாவும் சால்னாவும் அடித்துவிட்டு ஏப்பத்தோடு வந்து உட்காருவான். அந்த ஓர் உயிர் யாருடையது என்பதில் மட்டும் அவனுக்குக் குழப்பமே கிடையாது.

அன்று காலை ராஜபாளையத்து பிளக்ஸ் கடைக்காரர் சுடலையம்மாளுக்குப் போன் போட்டார். பேரவைக்காரர்கள் சொன்ன பிளக்ஸ் தயாராம், சமுத்திரம் போனை எடுக்கவில்லையாம், பந்தலுக்குப் போகிறபோது கொண்டுபோகச் சொன்னார். போனாள். விரித்துக் காட்டினார். ராஜரத்தினத்தின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே 'வீரவணக்கம்' என்று கொட்டை எழுத்து. கீழே 'தோற்றம்' என்று அவன் பிறந்த தேதி. பக்கத்தில் 'மறைவு' என்று போட்டு இடம் விட்டிருந்தது. தேதியைப் பிறகு ஸ்டிக்கரில் ஒட்டிக்கொள்வதாகச் சொன்னார்களாம். அவளுக்கும் தெரியும் என்றே நினைத்திருக்கிறார், பாவி மனுஷன்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பிளக்ஸைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பந்தலில் கண் பஞ்சடைந்து கிடந்தவன் முன்னால் அதை விரித்துப் போட்டாள். ராஜரத்தினம் வெகுநேரம் பார்த்தான். பிறகு லேசாகச் சிரித்தான்.

“போட்டோ நல்லா வந்துருக்குட்டி” என்றான்.

கட்டிய நாளிலிருந்து அவன்மேல் அவளுக்கு முதன்முதலாக வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான்.

“செத்த பிள்ளைகளையே வெரலால தள்ளிவிட்டுட்டு அடுத்த வீடியோ பாக்குற உலகம் இது. தறிக்காரன் செத்தா மட்டும் நின்னு பாத்துருமாக்கும்?”

பார்க்கும் என்றான், சமுத்திரம் சொல்லிக்கொடுத்த அதே ராகத்தில். அவனோடு பேசிப் புண்ணியமில்லை என்று அவள், மைக் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சமுத்திரத்தின் பக்கம் திரும்பினாள்.

“அண்ணாச்சி, தேதி விட்டுப்போச்சே. என்ன தேதி போட?”

ஆள் பதறிப்போவான் என்று பார்த்தால், இவள் மனசு தேறி ஒத்துக்கொண்டாள் என்று நினைத்துவிட்டான் அந்த மகராசன். குரலைத் தணித்து, பக்குவமாகச் சொன்னான்.

“ஞாயித்துக்கெழமைன்னா தோதா இருக்கும் தாயி. அன்னைக்குத்தான் டிவிக்காரக வாராக.”

ராஜரத்தினத்தின் சிரிப்பு நின்றுபோயிற்று. இன்றைக்கு என்ன கிழமை என்று பெண்டாட்டியிடம் கேட்டான். வியாழன் என்றாள். சமுத்திரத்தின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு அவளிடம் கையை நீட்டினான்.

“புடி. எந்திரிக்கணும்.”

தோளில் சாய்த்து ஆட்டோவுக்கு நடத்திப்போனாள். சமுத்திரம் பின்னாலேயே ஓடிவந்தான். செத்த நேரம் பொறுங்கள், ஜூஸ் கொடுத்து முடித்துவைக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம் என்று கெஞ்சினான். அவள் காறித் துப்பினாள்.

ஆட்டோ பெரியாஸ்பத்திரிக்குத் திரும்பியது. அவள் மடியில் தலை வைத்திருந்த ராஜரத்தினம் ஏங்கி ஏங்கி அழுதான்.

“அந்தப் பிள்ளைகளுக்கு இனி யாருட்டி இருக்கா?”

அதுவரை எல்லோரையும் பேசித் தீர்த்தவள், முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.