களிமண்ணில் எடுத்த அளவு

யாராவது பிடித்துத் தூக்கினால் தச்சரின் மனைவிக்கு ஆகாது. வயிற்றில் வந்த கட்டி அவளுடைய கால் பலத்தைக் கொண்டுபோன பிறகு, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தூக்கித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

“மூட்டை மாதிரி தூக்குறீங்க. நானே கைய ஊனி எழுந்திரிக்கிற மாதிரி ஒரு நாற்காலி செஞ்சு குடுங்க. ஊருக்கெல்லாம் செய்றீங்கல்ல?”

அவள் கேட்டது அது ஒன்றுதான்.

மனுஷன் அன்றைக்கே இறங்கிவிட்டார். பட்டறைச் சுவரில் ஒரு பழைய பத்திரிகைப் படம் ஒட்டியிருந்தார். எழுபது வருடத்துக்கு முந்தைய நாற்காலி. மெத்தை கிடையாது, ஆணி கிடையாது. பின்கால் மேலேறிக் கைப்பிடியாக வளைந்து, இணைப்பு எங்கே என்றே தெரியாமல் முன்காலாக இறங்கும். செய்தால் அப்படித்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அளவெடுக்க, பெட்டி நிறையக் களிமண்ணைப் பிசைந்து நிரப்பி, துணி விரித்து அவளை உட்கார வைத்தார். “ஐயோ, சில்லுன்னு இருக்கு,” என்று சிரித்தாள். களிமண்ணில் பதிந்த குழிவு அப்படியே மரத்துக்கு வர வேண்டும். உள்ளங்கை ஊன்றிய உயரத்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் நாற்காலி தயார். உட்காரலாம், எழலாம். ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை. கைப்பிடி காலோடு சேரும் இடத்தில் விரல் வைத்தால் ஒரு மேடு தட்டுகிறதாம். அந்த மேடு உலகத்தில் வேறு ஒருத்தருக்கும் தெரியாது. அரத்தால் ராவினார், உப்புத்தாள் போட்டார், கண்ணை மூடித் தடவினார், மறுபடி ராவினார்.

“இருக்கிற மாதிரியே கொண்டு வாங்க, போதும்,” என்றாள் மனைவி.

“உனக்குப் போய் அரைகுறையா குடுப்பேனா? இன்னும் ஒரே வாரம்.”

அந்த ஒரு வாரம் நான்கு மாதம் ஓடியது. அவள் சாப்பாடு பாதியாகி, பாதியும் கால்வாசியானது. தினமும் தூக்குகிறவருக்குப் பாரம் குறைவது தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. தூக்கச் சுலபமாக இருக்கிறது என்று நினைத்தாரே ஒழிய, களிமண்ணில் எடுத்த அளவு ஞாபகம் வரவில்லை. பாவி மனுஷன்! மரத்தில் மயிரிழை மேடு கண்டுபிடித்த கை அது.

கடைசியில் நாற்காலி வீட்டுக்கு வந்தது. அப்படியொரு அழகு. அவளைத் தூக்கி உட்கார வைத்தார். பழைய சதை இல்லாத உடம்பு குழிவின் அடியில் போய் உட்கார்ந்தது. கைப்பிடிகள் தோளுக்குப் பக்கத்தில் நின்றன. அவர் ஓடிப்போய்த் தலையணை கொண்டுவந்து அடியில் சொருகினார்.

அவள் இரண்டு கையையும் ஊன்றிப் பார்த்தாள். முழங்கை நிமிரவில்லை. இன்னொரு தடவை ஊன்றினாள். உடம்பு அசையவில்லை.

“நாலு மாசத்துக்கு முன்னாடின்னா எழுந்திருப்பேங்க,” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

அவள் விரல் கைப்பிடியோடு நகர்ந்து, கால் சேரும் இடத்தில் நின்றது. கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள்.

“மேடு ஒண்ணும் இல்லீங்க. நல்லா வழுவழுன்னு இருக்கு,” என்றாள். பிறகு கையை அவரிடம் நீட்டினாள்.

“சரி, தூக்குங்க.”