தகரத்துக்குக் கீழே நின்ற குழாய்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பழைய லயத்தில், வரிசையாக ஒட்டி நிற்கும் ஒற்றையறைக் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் எதுவும் கூரையைத் தொடுவதில்லை. ஆளுக்கொரு கதவு, எல்லாருக்கும் ஒரே தகரக் கூரை. ஒருத்தி அடுப்பு மூட்டினால் சூடான புகை மேலேறி, சுவர் தாண்டி, அடுத்த காம்பராவின் குளிரில் ஆறித் தரைக்கு இறங்கும். காளியாயி சுட்ட கருவாடு பக்கத்துக் காம்பரா லோஜினியின் கைக்குழந்தைத் துணியில் நாறும். குழந்தைக்கு இழுப்பு வேறு. புகையே படக்கூடாது என்றார் டாக்டர்.

தோட்டத்தில் புகையில்லா அடுப்பு தருகிறார்கள் என்றதும் முதலில் போய் நின்றவள் லோஜினிதான். அடுப்பு வந்தது. புகைபோக்கிக் குழாயும் வந்தது. தகரத்துக்கு ஒரு சாண் கீழே அது நின்றுவிட்டது.

"ஐயா, இது வெளியில போகலீங்களே?"

நலன்புரி அதிகாரி இராசரத்தினம் அடுப்பைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். "தகரத்தில ஓட்டை போடேலாது பிள்ளை. கூரை தோட்டத்தின்ர சொத்து."

"அப்ப பொக எங்கங்கய்யா போகும்?"

"மேல போகும்தானே."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காளியாயி கத்தினாள்: "மேல போயி என் சோத்துப் பானையில எறங்கும்னு சொல்லுங்கய்யா!"

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்.

அன்று மாலை லயம் முழுக்கப் புது அடுப்புகள் எரிந்தன. புகை கூரையடியில் கறுப்பாகத் தேங்கியது. குளிர்ந்த தகரத்தில் வேர்த்த நீர் கரியோடு சொட்டி, குழந்தையின் உதட்டில் விழுந்தது. லோஜினி துடைத்தாள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. குழந்தையின் விலா உள்ளே இழுத்தது.

புருஷன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து, பெட்டிமேல் ஏறி, குழாய்க்கு நேர் மேலே தகரத்தைக் கிழித்தாள்.

"ஏண்டி, தோட்டத்துத் தொர காம்பராவ விட்டு வெரட்டிருவாருடி!" சத்தம் கேட்டுக் காளியாயி அலறினாள்.

"வெரட்டட்டும். ரோட்டுலயாவது மூச்சு விடுவான்."

குழாய்ப் புகை வெளியே பாய்ந்தது. ஆனால் அந்த ஒரே ஓட்டையைத் தேடி, பக்கத்துப் புகையெல்லாம் சுவர் தாண்டி வந்து அவள் காம்பராவில் முட்டியது. குழந்தை இன்னும் மோசமாக இருமினான்.

"அக்கா, ஒங்க எல்லாரு பொகையும் இங்கதான் வருது!"

"அடுப்ப அணைச்சுட்டு மண்ணையாடி திங்கிறது?"

லோஜினி கத்தியைச் சுவருக்கு மேலே நீட்டினாள். "புடிங்க. ஒங்க தகரத்தையும் வெட்டுங்க."

நீட்டியபடியே நின்றாள். கை வலித்தது. பிறகு கத்தியை யாரோ வெடுக்கென்று பிடுங்கினார்கள். தகரம் கிழிந்தது. கத்தி திரும்பி வரவில்லை. அதற்கடுத்த காம்பராவிலும் கிழியும் சத்தம் கேட்டது.

குழந்தையின் மார்பில் காதை வைத்தாள். இழுப்பு நிற்கவில்லை. ஆனால், சற்றுத் தணிந்திருந்தது.