மண்டோர் சன்னாசியின் மீசை

செம்பனைக் காட்டில் மருந்தடித்துவிட்டு நவமணி லயத்து வீட்டுக்குத் திரும்பியபோது கோயில் வாசலில் கூட்டம் நின்றது. நடுவில் அவளுடைய பிள்ளை மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தது. காதோரம் ரத்தம் கசிந்தது. பக்கத்தில், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி சவரக்கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பொட்டப்புள்ள மாதிரி முடி வளத்துக்கிட்டு, பாவாட கட்டிக்கிட்டுத் திரியுது. ஆம்பளயாக்கி விட்டிருக்கேன். கூட்டிட்டுப் போ.”

கூட்டம் சிரித்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் பெயர் வாசு. வீட்டுக்குள் கங்கா. அந்தப் பெயரைத் தானேதான் வைத்துக்கொண்டாள். “நான் யாருன்னு எனக்கே இன்னும் சரியா தெரியலம்மா. ஆனா நீ கங்கான்னு கூப்பிட்டா நல்லாருக்கு,” என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்.

“தெரியறப்ப சொல்லு. அதுவரைக்கும் உனக்குப் பிடிச்ச பேர்ல கூப்புடுறேன்,” என்ற நவமணி, தன் பழைய சேலையைக் கிழித்துப் பாவாடையும் தைத்துக் கொடுத்தாள். அவள் கணவன் இருசப்பன் பார்த்தும் பார்க்காதவன்போல இருந்தான்.

மொட்டையடித்த பிறகு கங்கா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மூலையில் கிடந்தாள். ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நான் செஞ்சது தப்பாம்மா?”

நவமணி அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “உன் மேல ஒரு தப்பும் இல்ல. செஞ்சவன நான் பாத்துக்கிறேன்.”

“விட்டுரு நவமணி,” என்றான் இருசப்பன். “மண்டோர பகச்சிக்கிட்டு இந்தத் தோட்டத்துல இருக்க முடியுமா?”

“இருக்க வேணாம்லா.”

அவள் அவசரப்படவில்லை. முதலில் ரவாங் பட்டணத்தில் இருந்த தங்கை தங்கமணிக்கு ஆள் சொல்லி அனுப்பி, தொழிற்சாலையில் வேலைக்கு ஏற்பாடு செய்துகொண்டாள். பிறகு, தன்னோடு மருந்தடிக்கும் பெண்களிடம் ஒவ்வொருவராகப் பேசினாள். கலாவதியின் கையைச் சன்னாசி காட்டுக்குள் பிடித்து இழுத்திருந்தார். வள்ளியம்மாவை நிறைமாதத்தில் மருந்துத்தொட்டி சுமக்க வைத்திருந்தார். யாரையும் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, வேலைக்குப் போகுமுன் கூடும் காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். தோட்டத்துத் துரையின் ஜீப்பும் வந்து நின்றது. கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிட ஆரம்பித்தார். சன்னாசி மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். நவமணியின் பெயர் வந்ததும் அவள் வரிசையைவிட்டு நேரே அவரிடம் போனாள். மற்றப் பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். என்ன ஏது என்று அவர் கேட்பதற்குள் மண்ணில் கிடந்தார். கலாவதி அவர் கால்மேல் உட்கார்ந்துகொண்டாள். நவமணி இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

“அசையாதீங்க மண்டோரே. எம்புள்ள அசைஞ்சதுக்குத்தான் காதுல வெட்டு விழுந்துச்சு.”

ஒரு பக்க மீசை போனது.

“தாயே, துரை பாக்குறாரு, விட்டுரு!” என்று கெஞ்சினார்.

“எம்புள்ளயும் இப்படித்தான கெஞ்சியிருக்கும்?”

மறுபக்கமும் போனது. “முடிதான, வளந்துரும்,” என்று எழுந்தாள். வரிசையில் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு மொத்தத் தோட்டமும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நவமணி நின்று கேட்டாள்.

மருந்தடிக்கும் பெண்கள் எல்லாரையும் துரத்தினால் வேலை நின்றுவிடும் என்பதால், துரை நவமணியின் குடும்பத்தை மட்டும் வெளியேறச் சொன்னார். சன்னாசி போலீசுக்குப் போகவில்லை. போய் என்னவென்று சொல்வார்?

சாமான்களோடு லோரியில் ஏறியபோது ஓட்டுநர், “இது யாரு, மகனா?” என்று கேட்டார். நவமணி வாயைத் திறப்பதற்குள் இருசப்பன், “மக. கங்கா,” என்றான். கங்கா அவனையே பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, “நெசமாவே வெட்டுனியாம்மா?” என்றாள்.

“ரெண்டு பக்கமும்.”

கங்கா சிரித்தாள்.

தீபாவளிக்குக் கலாவதி ரவாங்குக்கு வந்தாள். சன்னாசிக்கு மீசை திரும்ப முளைத்துவிட்டதாம். ஆனால் பெரட்டில் அவர் கை மீசைப் பக்கம் போனாலே பெண்கள் ஒன்றாக இருமுகிறார்களாம். கை தானாகக் கீழே இறங்கிவிடுகிறதாம்.

நவமணி முறுக்குத் தட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

“இன்னொரு தடவ சொல்லு,” என்றாள்.