வெட்டாத தாள்கள்

முதலியார்பேட்டை வீட்டின் முன்னறையில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர் மிக்கேல். மூன்று வருடத்துக்கு முன் அவரை விட்டுப் போன மனைவி அகஸ்டினா. அவளுடைய தையல் மெஷினைத் தூக்க வந்த அவள் தம்பி டோனி. பழைய பிரெஞ்சுப் புத்தகமொன்றை நூலகத்துக்காகப் படமெடுக்க வந்த, பிரெஞ்சு படித்த கலைவாணி.

படுக்கையறை விஷயம், பிள்ளைப்பேறு, மருத்துவச்சிக்கான யோசனை எல்லாம் கலந்த புத்தகம். முந்நூறு வருடத்துக்கு முன் பிரான்சில் சந்தைக்குச் சந்தை விற்ற சரக்கு. இது பிந்தைய மறுபதிப்பு. மிக்கேலின் தாத்தா பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனிலிருந்து கொண்டுவந்தது. மடித்த தாள்கள் ஓரம் பிரிக்காமலே வரும்; படிக்கிறவர்தான் கத்தியால் வெட்டிக்கொள்ள வேண்டும். தாத்தா பாதிவரை வெட்டியிருந்தார். மீதியை வெட்டினால் புத்தகம் கெட்டுப்போகும் என்று மிக்கேல் தொடவே இல்லை.

வெட்டிய பாதியின் கடைசிப் பக்கம், பெண் இன்பம் காணாவிட்டால் கரு தங்காது என்றது. எட்டு வருடம் பிள்ளையில்லாத மிக்கேல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டாக்டர் இருவரையும் டெஸ்டுக்கு வரச் சொன்னார். அகஸ்டினா மட்டும் போனாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. "அப்போ எம்மேல ஆசையில்ல ஒனக்கு. புக்குலயே போட்டுக்குது," என்றார் மிக்கேல். சாப்பாட்டு மேசையில், டோனி முன்னாலேயே.

இன்று அவளைத் திரும்பி வரச்சொல்லிக் கேட்பதாக இருந்தார். சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டிருந்தார்.

"மிச்சத்த வெட்டட்டுமா சார்?" என்றாள் கலைவாணி.

"வெட்டும்மா," என்றார் பெருந்தன்மையாக, அகஸ்டினாவைப் பார்த்துக்கொண்டே.

கலைவாணி முதல் தாளை வெட்டி, படித்து, சிரித்தாள். "இத கேளுங்க சார். பிள்ள இல்லன்னா புருஷன் மொதல்ல தன்ன சோதிச்சிக்கணுமாம். பொண்டாட்டிய மட்டும் குத்தம் சொல்றவன் மடையனாம். அந்தக் காலத்துலயே இன்னா தைரியமா எழுதிக்கிறான்!"

டோனிக்குத் தாங்கவில்லை. "இன்னா மாமா, வூட்டுல ஒரு கத்தி கூடவா இல்ல?"

"சும்மா இருடா. மெஷின ஆட்டோல ஏத்து," என்றாள் அகஸ்டினா.

என்னவோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று கலைவாணிக்குப் புரிந்தது. மீதியை நாளை எடுப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

"அந்தப் பக்கத்த நான் படிக்கல, அகஸ்டினா. சத்தியமா."

"டாக்டரும் அதத்தான சொன்னாரு? அத கேக்கக் கத்தி வேணுமாங்க?"

மிக்கேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "காப்பி குடிச்சிட்டுப் போயேன்," என்றார்.

"ஆட்டோ நிக்குது."

பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு இறங்கினாள். அவள் இன்னும் அந்தச் சாவியை வைத்திருந்தாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆட்டோ திரும்பி மறைந்ததும் மிக்கேல் உள்ளிருந்து கதவைச் சாத்தினார். அவள் வைத்த சாவியாலேயே பூட்டினார்.