ஒரே தெருவுக்கு இரண்டு நோட்டீஸ்

மனுவில் முதல் கையெழுத்தே மச்சானுடையது. பார்த்ததும் சத்த இன்ஸ்பெக்டர் மனுவை இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார். நகராட்சியில் அவர் பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு; சத்த இன்ஸ்பெக்டர் என்பது ஊர் வைத்தது.

கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரே தெருவின் இரு முனைகளில் இரண்டு பிரார்த்தனைக் கூடங்கள். கிழக்கே இருப்பது அவர் சிறுவயதிலிருந்து போகும் கூடம். மனைவியின் அண்ணனான அந்த மச்சான்தான் அதற்குத் தலைவர். மேற்கே இருப்பது வேறு மதத்தாருடையது. அந்த மேற்குக் கூடத்து ஒலிபெருக்கியால் பிள்ளைகள் படிக்க முடியவில்லை, உடனே நிறுத்த வேண்டும் என்று மனு கேட்டது.

அளப்பதற்குத் தோதாக இரண்டுக்கும் நடுவில் ஒரு மாடி வீடு. அங்கே டியூஷன் எடுக்கும் டீச்சர் எந்தக் கூடத்துக்கும் போகாதவர். ஜன்னலைத் திறந்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு ஆரம்பிக்கும் சார். நடுவுல கிடைக்கிற பத்து நிமிஷம்தான் எனக்குப் பள்ளிக்கூடம்."

அனுமதி ஐம்பத்தைந்து டெசிபல். மேற்குக் கூடம் அறுபத்து மூன்று காட்டியது. குறித்துக்கொண்டு மீட்டரை அணைக்கப் போனார். அதற்குள் கிழக்கே பிரார்த்தனை தொடங்கிவிட்டது. எண் எழுபத்தொன்றுக்கு ஏறி அங்கேயே நின்றது. அவருக்குப் பழகிய குரல், மனப்பாடமான வரிகள். வீட்டில் அவரும் முணுமுணுப்பவைதான். இவ்வளவு சத்தமாக அவை வெளியே கேட்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

நேர்மையைக் காட்டிக்கொள்ள நம்முடையதை மட்டும் கூட்டி அளக்கிறோமோ என்று ஒரு சந்தேகம். இன்னும் இரண்டு சாயங்காலம் வந்து அளந்தார். எண்கள் அசையவில்லை.

"மனு ஒரு கூடத்தைப் பத்தித்தானே? உங்களுக்கு ஏன் வேண்டாத வேலை?" என்றார் மேலதிகாரி.

"ரெண்டையும் அளந்துட்டேன் சார். இனி ஒண்ணுக்கு மட்டும் எழுதினா நான் இன்ஸ்பெக்டர் இல்ல, அந்தக் கூடத்து ஆளு."

மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டு இரண்டு நோட்டீஸிலும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மேற்குக் கூடத்துப் பெரியவர் ஒருவர் நன்றி சொல்ல அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "உங்களுக்கும்தான் நோட்டீஸ் போட்டிருக்கேன், நன்றி எதுக்குங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்களுக்கு மட்டும் போடலையே, அதுக்குத்தான்" என்று சிரித்தார் பெரியவர்.

மச்சான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை. "கடவுளையே காட்டிக் கொடுத்துட்டீங்களே மாப்பிள்ளை!"

"கடவுளை இல்ல மச்சான். ஒலிபெருக்கியைத்தான். உள்ளே நம்ம பிரார்த்தனையை யாரும் தடுக்கலையே? அவங்களோடதையும் தடுக்க முடியாது. ரெண்டு பேருக்கும் சட்டம் ஒண்ணுதான்."

"சட்டம் பேச வந்துட்டாரு!"

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏண்ணே, மனு போட்டது நீதானே? நம்ம பக்கம் அளக்காதேன்னு அதுல எழுத மறந்துட்டியா?"

மச்சான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிப் போனார். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருஷத்து உறவு.

பத்து நாளில் இரண்டு கூடங்களும் வெளி ஒலிபெருக்கிகளைக் கழற்றின. அந்த வாரப் பிரார்த்தனைக்குப் போகக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் போனார். வாசலில் யாரும் முகம் கொடுக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். உள்ளே வேறு ஒலிபெருக்கி கிடையாது; வெறும் தொண்டையில் ஓதுபவரின் குரல் பின்னால் வரை எட்டவில்லை. ஒவ்வொருவராக எழுந்து முன்னால் நகர்ந்தார்கள். அவரும் நகர்ந்து, இடம் தேடி, கடைசியில் மச்சான் பக்கத்தில்தான் உட்கார வேண்டியதாயிற்று.

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்காலை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி இடம் விட்டார். வாய் திறந்து பேச இன்னும் மூன்று மாதம் ஆயிற்று.